திருடர்கள் நட்ட காடு

ஒரு பனைவிதையிலிருந்து தொடங்குகிறேன். பனாமாவில், ஏரி நடுவே இருக்கும் ஒரு தீவுக் காட்டில், முள் நிறைந்த கரும்பனை ஒன்றின் அடியில் விழுந்த விதை அது. அகூட்டி என்ற கொறிவிலங்கு ஒன்று அதை வாயில் கவ்விக்கொண்டு போய்ப் புதைத்தது. இன்னொன்று தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்தது. அதையும் மற்றொன்று மோப்பம் பிடித்து எடுத்தது. இப்படியே 36 தடவை. விதை கடந்த மொத்தத் தூரம் 749 மீட்டர். கடைசியில் அது சேர்ந்த இடம் தொடங்கிய இடத்திலிருந்து 280 மீட்டர் தள்ளி. முதல் பயணம் தொடங்கி 209 நாள் கழித்து, ஒரு அகூட்டி அதைத் தோண்டித் தின்றேவிட்டது.

விதைக்கே இவ்வளவு துல்லியமான வரலாறு எழுதியவர்கள் பாட்ரிக் யான்சென் என்ற டச்சு உயிரியலாளரும் அவருடைய கூட்டாளிகளும். 2012இல் அந்த ஆய்வு வெளியானது. ஒவ்வொரு விதையோடும் மெல்லிய நூலில் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டரைக் கட்டிவிட்டார்கள். விதையை யாராவது நகர்த்தினால் கருவி விழித்துக்கொள்ளும். புதைத்த இடத்துக்கு எதிரே தானியங்கி கேமரா. அகூட்டிகளுக்கும் ஆள் தெரிகிற மாதிரி அடையாளம் போட்டிருந்தார்கள். ஆகவே புதைத்தது யார், எடுத்தது யார் என்பதெல்லாம் படத்தோடு பதிவாகிவிட்டது. பெரும்பாலும் எடுத்தது புதைத்தவர் இல்லை. அக்கம்பக்கத்துத் திருடர்கள்தான். அந்தத் திருட்டின் விளைவாக, கண்காணிக்கப்பட்ட விதைகளில் 35 சதவீதம் 100 மீட்டருக்கும் மேல் பயணப்பட்டிருந்தன. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு கொறிவிலங்கு தன்பாட்டுக்கு ஒரே ஒரு முறை புதைத்திருந்தால் இந்தத் தூரம் கனவிலும் நடக்காது.

தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க மழைக்காடு என்றால் நமக்குக் காட்டப்படுவது ஜாகுவார், அனகோண்டா, விஷத் தவளை. தொலைக்காட்சியில் ஏதோ ஒன்று ஏதோ ஒன்றின் கழுத்தைக் கவ்விக்கொண்டே இருக்கும். அது பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டை அன்றாடம் ஓட்டுவது கொலையை விடவும் சில்லறைத் திருட்டும் ஒட்டுக்கேட்டலும்தான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி சொல்ல எனக்குத் தெரிந்த ஓரிடம் இருக்கிறது. பாரோ கொலராடோ தீவு, அந்தப் பனைவிதை பயணப்பட்ட அதே தீவு.

நான் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். பனாமா கால்வாயைக் கடக்கும்போது எங்கள் ஆட்களுக்கு வேடிக்கை பார்க்கிற யோகம் கிடையாது. கால்வாய் முழுக்க ஸ்டாண்ட்பை. எப்போது மேலேயிருந்து இன்ஜின் உத்தரவு வருமோ என்று கீழேயே கிடக்க வேண்டும். அட்லாண்டிக் பக்கம், தண்ணீரை நிரப்பிக் கப்பலை உயர்த்தும் தொட்டிகளில் மூன்று படி ஏறி, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கும் காட்டூன் ஏரிக்குள் கப்பல் நுழைந்த பிறகு, ஒருமுறை அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு டெக்குக்கு வந்தேன். ஏரி நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டுப்போன மரக்கட்டைகள். அதைத் தாண்டி ஒரு பச்சை மலை. அங்கே மனிதர்கள் எறும்பையும் குரங்கையும் எண்ணிக்கொண்டு நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கயிறு கட்ட ஏறியிருந்த பனாமாக்காரர் ஒருவர் சொன்னார். சொன்ன விதத்தில் கொஞ்சம் கேலியும் இருந்தது. பிற்பாடு, கடல் வேலையை விட்ட பிறகு, பயணியாகவே போய் அந்தத் தீவில் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தேன்.

அது பிறவியிலேயே தீவு இல்லை. கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே காட்டூனில் அணை கட்டியபோது பள்ளத்தாக்கு மூழ்கியது. 1913வாக்கில் ஏரி நிறைந்தது, 1914 ஆகஸ்ட் 15இல் கால்வாய் திறந்தது. தண்ணீருக்கு மேலே மிஞ்சிய பெரிய குன்றுதான் பாரோ கொலராடோ, ஏறக்குறைய 1,560 ஹெக்டேர். 1923இல் அதை உயிரியல் காப்பிடமாக அறிவித்தார்கள். 1946லிருந்து அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் பொறுப்பு. உலகத்தில் வெப்பமண்டலக் காடு ஒன்றை இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த இடங்கள் வெகு சில. 1980இல் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இருவர் தீவின் நடுவே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு செடி மரத்துக்கும் எண் போட ஆரம்பித்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், சுமார் 300 இனங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணுகிறார்கள். நம் ஊர் வாக்காளர் பட்டியலே இவ்வளவு ஒழுங்காகச் சரிபார்க்கப்படுகிறதா என்று தெரியவில்லை.

சரி, அகூட்டிக்கு வருவோம். அங்கே அதை ஞெக்கே என்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சருகுமானைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் புரியும். மெல்லிய கால், வளைந்த முதுகு, சருகில் கால் வைத்தால் சத்தமே வராத நடை. ஆனால் இது மான் வகை இல்லை, கினிப் பன்றிக்குப் பங்காளி. பழத்தை முன்கால்களால் பிடித்து, பின்காலில் குந்தி உட்கார்ந்து, சுற்றிச் சுற்றித் திருப்பிக் கொறிக்கும். பயந்துவிட்டால் பின்புறத்து ரோமம் விசிறி மாதிரி விரியும், குரைப்பது போல ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடும். தீவில் நான் மிக அதிகமாகப் பார்த்த விலங்கு அதுதான். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால்கூட ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

அது ஏன் புதைக்கிறது? காட்டில் வருஷம் பூராவும் பழம் கிடைக்காது. பழம் கொட்டும் மாதங்களில் அகூட்டி முதலில் சதையைத் தின்னும், வயிறு நிறைந்ததும் விதைகளை ஒவ்வொன்றாக, தனித்தனி இடங்களில் புதைக்கும். எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டால் ஒரே திருடன் அத்தனையையும் கொண்டு போய்விடுவான் என்பதால் இந்த ஏற்பாடு. தீவில் பல வருஷம் அகூட்டிகளைக் கவனித்த நிக்கோலஸ் ஸ்மைத் இன்னொன்றையும் கண்டார். புதைக்கும் முன் கரும்பனை விதையிலிருந்து சதையைச் சுத்தமாக உரித்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. உரிக்காமல் தரையில் கிடக்கும் பழத்தைத் தேடி ஒரு வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு விதைக்குள் புகுந்து பருப்பைக் காலி செய்துவிடும். உரித்து மண்ணுக்குள் போட்டால் வண்டுக்கு வழியில்லை. தன் சேமிப்பைக் காக்க அகூட்டி செய்கிற காரியம், முளைக்கப் போகும் விதையையும் காத்துவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். பென் ஹிர்ஷ் முதலான யான்சென் குழுவினர், அகூட்டிகள் விதையைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் போகின்றன என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். கரும்பனைகள் நெருக்கமாக நிற்கும் பகுதியை விட்டு விலகி, பனை அரிதாக இருக்கும் பக்கமாகப் போகின்றன. காரணம் எளிது. பனை நிறைய இருக்கும் இடத்தில் விதை தேடி அலையும் அகூட்டிகளும் அதிகம், களவு போக வாய்ப்பும் அதிகம். பனை இல்லாத இடத்தில் யாரும் பனைவிதை தேட மாட்டார்கள். இப்போது மரத்தின் பக்கமிருந்து பாருங்கள். தாய்மரத்துக்குக் கீழேயே முளைக்கும் கன்றுக்கு வண்டு, பூஞ்சை, நிழல் என்று ஆயிரம் எமன்கள். தன் இனத்து மரங்கள் இல்லாத இடமே அதற்கு நல்ல இடம். திருடனுக்குப் பயந்து ஒரு கொறிவிலங்கு தேர்ந்தெடுக்கிற மறைவிடம், பனைக்குச் சரியான நாற்றங்காலாக அமைந்துவிடுகிறது. பிறகு புதைத்த அகூட்டி அந்த இடத்துக்குத் திரும்பி வராமல் போக வேண்டும். அதற்கு ஓசெலாட் இருக்கிறது. புள்ளியும் கோடுமாக, வீட்டுப் பூனையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும் அந்தக் காட்டுப்பூனை தீவில் ஏராளம். பசித்த அகூட்டி விடியும் முன்பே வளையை விட்டுக் கிளம்பும், இருட்டிய பிறகும் அலையும். ஓசெலாட் காத்திருப்பதும் அந்த நேரத்தில்தான்.

இந்தக் கரும்பனை விதை ஏன் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கு 1982இல் டேனியல் ஜான்சனும் பால் மார்ட்டினும் ஒரு விளக்கம் சொன்னார்கள். மத்திய அமெரிக்காவில் ஒரு காலத்தில் கொம்ஃபோதீர் என்ற யானை வகைகள் இருந்தன. மரத்தில் தொங்கியபடி மெதுவாக நகரும் இன்றைய ஸ்லாத்தின் உறவினர்களான ராட்சதத் தரை ஸ்லாத்துகளும் இருந்தன. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவை அழிந்துவிட்டன. பெரிய விதையுள்ள பல பழங்கள் அந்தப் பெரிய வாய்களுக்காக உருவானவை. விழுங்கி, நெடுந்தூரம் நடந்து, சாணத்தோடு போடுகிற ஆட்கள் போய்விட்டார்கள், பழங்கள் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அப்படியானால் அந்த மரங்கள் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் எப்படித் தப்பின என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது. யான்சென் குழுவின் விடை: யானை ஒரே நடையில் செய்த வேலையை, ஒருவரை ஒருவர் ஏமாற்றும் அகூட்டிகள் 36 தவணைகளில் செய்கின்றன.

அகூட்டிக்கு நல்ல இறைச்சி இருக்கிறது என்பது வேட்டைக்காரர்களுக்கும் தெரியும். கால்வாய் ஓரத்துக் காடுகளில் காவல் இருக்கும் இடங்களையும் இல்லாத இடங்களையும் ஜோசப் ரைட் முதலானவர்கள் ஒப்பிட்டு 2000இல் எழுதினார்கள். வேட்டை அதிகமான இடங்களில் பனைவிதைகள் தாய்மரத்தடியிலேயே கிடந்தன, வண்டு துளைத்தவையும் அங்கே அதிகம். மேலேயிருந்து பார்த்தால் அந்தக் காடும் பச்சையாகத்தான் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் அகூட்டி தெரியாது.

பழம் பொய்த்துப் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்தத் தீவு பார்த்திருக்கிறது. 1970இன் கடைசி மாதங்களில் மரங்கள் பல காய்க்கவே இல்லை. விலங்குகள் மெலிந்து செத்து விழுந்தன. ஃபாஸ்டர் அந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலந்திக் குரங்குகள் அதுவரை தெரியாதிருந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டன: கதவைத் திறப்பது. சாப்பிட உட்கார்ந்திருந்த ஆராய்ச்சியாளர்களைத் தள்ளிவிட்டு, மேஜையில் இருந்த ரொட்டியையும் வாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு ஓடின. இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தொடவில்லையாம். பசியிலும் ருசி விட்டுப்போகவில்லை.

பொருளைத் திருடுவது ஒரு வகை. சேதியைத் திருடுவது இன்னொரு வகை. அதற்குத் துங்கரா தவளையை விட்டால் ஆள் கிடையாது.

மூன்று சென்டிமீட்டர் இருக்கும், பழுப்பு நிறம், தோல் முழுக்கக் கரடு. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்த இரவில் சின்னக் குட்டையில் மிதந்துகொண்டு ஆண் தவளை பாடும். முதலில் மேலேயிருந்து கீழே வழுக்கி இறங்கும் ஒரு நீண்ட இழுப்பு. பழைய வீடியோ கேமில் துப்பாக்கி சுடும் சத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் போட்டி இருந்தால் இழுப்பின் கடைசியில் ‘சக்’ என்று ஒரு சின்ன ஒலியை ஒட்டவைக்கும். சில சமயம் இரண்டு, மூன்று ‘சக்’. பெண் தவளைகளுக்கு ‘சக்’ வைத்துப் பாடுகிறவர்களைத்தான் பிடிக்கிறது. அப்படியென்றால் எல்லா ஆண்களும் எப்போதும் ‘சக்’ போட வேண்டியதுதானே? ஏன் கஞ்சத்தனம்?

இந்தக் கேள்விக்கு விடை மேலே பறந்துகொண்டிருந்தது. உதட்டில் முள் முள்ளாகப் பருக்கள் கொண்ட ஒரு வௌவால் தவளைப் பாட்டைக் கேட்டு வந்து தவளையையே தூக்கிக்கொண்டு போகிறது. வௌவால் நிபுணர் மெர்லின் டட்டிலும், தவளைக் குரலை ஆராய வந்த மைக்கேல் ரயனும் இதை இந்தத் தீவில் வைத்து ஆராய்ந்து 1981இல் எழுதினார்கள். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டால் வௌவால் ஒலிபெருக்கியிலேயே வந்து இறங்கும். பெண்ணுக்குப் பிடித்த அதே ‘சக்’தான் வௌவாலுக்கும் பிடிக்கும். காதலியை அழைக்கும் ஒவ்வொரு ‘சக்’கும் எமனுக்கும் விலாசம் சொல்கிறது.

அந்த வௌவாலுடைய நிழல் தெரிந்ததும் தவளை வாயை மூடிவிடும். அதுவும் போதவில்லை என்பதைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். பாடும்போது தவளையின் உடம்பு பலூன் மாதிரி உப்பித் தணிவதால் குட்டையில் வளையம் வளையமாக அலை போகும். பாட்டு நின்ற பிறகும் அலை சில நொடிகள் நிற்கும். வௌவால் தன் எதிரொலி உணர்வால் அந்த அலையையும் படித்துவிடுகிறது. இதற்கு நடுவில் காது கேட்கும் ஒரு கொசு வகைப் பூச்சி வேறு. அதுவும் தவளையின் பாட்டைக் கேட்டுத்தான் வந்து உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது. ஒரே பாட்டுக்குப் பெண், வௌவால், பூச்சி என்று எத்தனை ரசிகர்கள்!

வௌவால்கள் இந்த ஒட்டுக்கேட்டலை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன. ரேச்சல் பேஜும் ரயனும் செய்த சோதனையில், தின்ன முடியாத விஷத் தேரை ஒன்றின் குரலை இரையோடு இணைத்துப் பழக்கினார்கள். கற்ற வௌவாலைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற வௌவால்கள் சராசரியாக ஐந்து முறையிலேயே அதைப் பிடித்துக்கொண்டன. தானாகக் கற்கவிட்ட வௌவால்கள் நூறு முறை போட்டும் பெரும்பாலும் கற்கவில்லை. இன்னொரு சோதனையில் செல்போன் ரிங்டோனைக் கேட்டால் தீனி கிடைக்கும் என்று பழக்கிக் காட்டில் விட்டார்கள். ஒன்றிலிருந்து நான்கு வருஷம் கழித்துப் பிடிபட்டவை அந்த ரிங்டோனை மறந்திருக்கவில்லை. 2022இல் வந்த செய்தி இது. காட்டு விலங்குக்கு அவ்வளவு நீண்ட ஞாபகம் எதற்கு என்று யோசித்தால், வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பாடுகிற தவளைகளும் அங்கே இருக்கின்றன என்பது நினைவுக்கு வரும்.

கால்வாயின் பசிபிக் பக்கத்து நகரப்பகுதிகளிலும் துங்கரா தவளைகள் வடிகால் குட்டையில் பாடுகின்றன. அங்கே வௌவால் குறைவு, பூச்சி குறைவு. வூட்டர் ஹாஃப்வெர்க் தலைமையில் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்த்தது. நகரத்துத் தவளைகள் அதிகமாகப் பாடுகின்றன, ‘சக்’கும் தாராளம். அவற்றைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டால் உடனே அடக்கி வாசிக்கின்றன. காட்டுத் தவளையை நகரத்தில் விட்டாலோ அது கூச்சத்தை விடுவதில்லை. கிராமத்தில் வளர்ந்து பட்டணத்துக்குப் போன பையன்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் நகர்கிறேன்.

அடுத்து எறும்பு. படையெறும்பு பற்றிப் படித்திருப்பீர்கள். நேரில் பார்க்கும் முன் காதால் கேட்க வேண்டும். தரையில் மழைத் தூறல் விழுவது போல ஒரு சரசரப்பு. மழை இல்லை. லட்சக்கணக்கான எறும்புகள் சருகின்மேல் நகர்வதும், அவற்றுக்கு முன்னால் கரப்பான், வெட்டுக்கிளி, தேள், சிலந்தி எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளுவதும் சேர்ந்த சத்தம். முன்னணி பத்து மீட்டருக்கும் மேல் அகலமாக இருக்கும். இவற்றுக்குக் கட்டிய புற்று கிடையாது. தங்கள் உடம்புகளையே ஒன்றோடொன்று கோத்து ஒரு உயிருள்ள கூடாரம் கட்டி, உள்ளே ராணியையும் குஞ்சுகளையும் வைத்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு வாரம் தினமும் இரவில் இடம் மாறும், பிறகு மூன்று வாரம் ஒரே இடத்தில் தங்கும். இந்தச் சுழற்சியை இந்தத் தீவில் 1930களில் பொறுமையாக உட்கார்ந்து விளங்கிக்கொண்டவர் தியடோர் ஷ்னெர்லா.

படைக்கு முன்னால் பறவைகள். தாழ்ந்த கிளையில், செங்குத்தான தண்டைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு காத்திருக்கின்றன. எறும்பைத் தின்ன இல்லை. எறும்புக்குப் பயந்து குதிக்கும் பூச்சியைக் கொத்த. எறும்புப் பறவைகள் என்று அவற்றுக்குப் பெயர். இரு தரப்புக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பீட்டர் ரேகியும் அவர் குழுவும் பாரோ கொலராடோவிலேயே பறவைகளைப் படையிலிருந்து விரட்டிவிட்டு, எறும்புகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் இரையை அளந்தார்கள். பறவை இல்லாதபோது எறும்புக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அதாவது பறவைகள் பிடுங்கித் தின்கிற கூட்டம்தான். 2005இல் இது வெளியானது. வேறு காடுகளில் பார்த்த இன்னொரு காட்சியும் உண்டு. படையோடு பட்டாம்பூச்சிகளும் பறந்து வரும், பெண் பட்டாம்பூச்சிகள். எறும்புப் பறவைகள் போடும் எச்சத்தை உறிஞ்சத்தான் வருகின்றன. அந்த ஒரு எறும்பினத்தை நம்பி, உண்ணிகள், வண்டுகள் உட்பட, 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பிழைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். படை எறும்புடையது, பவனி எல்லோருடையது.

ஸ்லாத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் கோபிப்பீர்கள். தீவின் மூன்று விரல் ஸ்லாத்தை மர உச்சியில் ஒரு சாம்பல் மூட்டையாகப் பார்த்தேன், அது என்னைப் பார்த்ததா என்று தெரியாது. சோம்பேறி என்று உலகம் வைத்த பெயர் அநியாயம் என்பதற்கு மட்டும் ஒரு சாட்சி. கூண்டில் வளர்ந்த ஸ்லாத்துகள் நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்கின. 2008இல் நீல்ஸ் ராட்டன்போர்க் குழு இதே தீவில் காட்டு ஸ்லாத்துகளுக்கு மூளை அலையைப் பதியும் தொப்பி மாட்டிப் பார்த்தது. பத்து மணி நேரம்கூட இல்லை. மிச்ச நேரம் விழித்துக்கொண்டுதான் சும்மா இருக்கிறது. வாரம் ஒருமுறை மரத்தைவிட்டு இறங்கி மலம் கழிக்கும். அதன் ரோமத்தில் குடியிருக்கும் அந்துப்பூச்சிகள் அப்போது இறங்கி அந்தச் சாணத்தில் முட்டையிட்டுக்கொள்கின்றன. வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள்.

ஊளைக் குரங்கையும் இப்படியே கடந்துவிடலாம். விடியலில் அது கத்துவதை ஏரியைத் தாண்டிக் கேட்கலாம். ரே கார்ப்பென்டர் என்பவர் 1931 வாக்கில் இங்கே வந்து, அதைச் சுடாமல், பிடிக்காமல், கூடவே நடந்து கவனித்து 1934இல் எழுதினார். காட்டுக் குரங்குகளின் சமூக வாழ்க்கையைப் பற்றிய முறையான கள ஆய்வுகளில் அது ஆரம்பகாலத்தது.

இவ்வளவு சொன்ன பிறகு இந்தத் தீவில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். ஜாகுவார் நிலையாகக் குடியிருப்பதில்லை. 1,560 ஹெக்டேர் அதற்குப் பத்தாது. வெண்ணுதட்டுப் பன்றிக் கூட்டம் போய்விட்டது. பறவைகளில் போனவை அறுபதுக்கும் மேல். அவற்றில் பல திறந்தவெளிப் பறவைகள். பழைய தோட்டங்கள் காடாக மாறியதும் கிளம்பிவிட்டன, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் காட்டுக்குள்ளேயே வாழ்கிற பறவைகளும் காடு நன்றாக இருக்கும்போதே மறைந்தன. எட்வின் வில்லிஸ் பல வருஷம் படையெறும்பின் பின்னால் நடந்து, ஒவ்வொரு எறும்புப் பறவைக்கும் வண்ண வளையம் மாட்டி ஆள் ஆளாகத் தெரிந்து வைத்திருந்தார். கண்ணைச் சுற்றி நீலத் தோல் கொண்ட பெரிய எறும்புப் பறவைதான் படைக்கு முன்னால் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அந்த இனம் அவர் கண்ணெதிரே சுருங்கிச் சுருங்கி, 1970ஐ ஒட்டி இல்லாமலே போனது.

ஏன் என்பதற்குக் காரணங்கள் சேர்ந்துதான் இருக்கின்றன. தீவில் கூடுகளைச் சூறையாடும் விலங்குகள் அதிகம், தரையோரம் கூடு கட்டும் பறவைகளுக்கு அது பெரிய அடி. வறட்சியான வருஷங்கள் வேறு. ஆனால் அழிந்தது ஏன் திரும்பி வரவில்லை என்பதுதான் வேடிக்கையான கேள்வி. மறுகரையில், சில நூறு மீட்டர் தள்ளி, அதே பறவை இன்னும் இருக்கிறது. பறவைதானே, பறந்து வரட்டுமே?

2008இல் வெளியான ஒரு சோதனை இதற்காகவே செய்தது. காட்டின் அடித்தளத்தில் வாழும் பறவைகளைப் பிடித்து, படகில் ஏரி நடுவே கொண்டுபோய், கரையிலிருந்து 100, 200, 300 மீட்டர் தூரங்களில் கையிலிருந்து விட்டார்கள். எதிரே காடு கண்ணுக்குத் தெரிகிறது. சில இனங்கள் எளிதாகப் போய்ச் சேர்ந்தன. சில இனங்கள் 100 மீட்டரைக்கூடத் தாண்ட முடியாமல் தண்ணீரில் இறங்கிவிட்டன, படகிலிருந்தவர்கள் தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. இறக்கை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நிழலுக்குள், கிளைக்குக் கிளை தாவியே பழகிய உடம்புக்கு இடைவிடாமல் நூறு மீட்டர் பறப்பது ஆகாத காரியமாகிவிட்டது. தீவிலிருந்து எந்தெந்தப் பறவைகள் அழிந்தனவோ, அந்த வகையறாதான் சோதனையிலும் தோற்றது. கப்பல் போவதற்காக விட்ட தண்ணீர் அவற்றுக்கு மதிலாகிவிட்டது. அந்த மதிலின்மேல்தான் நாங்கள் இத்தனை காலம் கண்டெய்னர் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

காலியான இடமும் காலியாகவே இருந்துவிடவில்லை. முன்பு எப்போதாவது மட்டும் படையோடு வந்து, பெரிய பறவையிடம் உதை வாங்கி ஓரமாக நின்ற புள்ளி எறும்புப் பறவை, பத்து இருபது வருஷங்களில் மெல்ல மெல்லப் படையை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. ஜனீன் டச்டனும் ஜேம்ஸ் ஸ்மித்தும் 2011இல் இதை எழுதினார்கள். பெரிய திருடன் போனதும் சின்னத் திருடனுக்கு முன்வரிசை. ஆனாலும் பெரியது பிடித்துக்கொண்டிருந்த இரையெல்லாம் சின்னதன் அலகுக்கு அடங்காது என்பதால், இது முழு ஈடு என்று நான் நினைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்மித்ஸோனியன் நிறுவனமே பகல்நேரப் பார்வையாளர்களை அழைத்துப் போகிறது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கால்வாய் ஓரத்துக் கம்போவா என்ற ஊரிலிருந்து படகு, முக்கால் மணி நேரம் போல ஆகும். தவளையும் வௌவாலும் இரவுச் சமாசாரம், பகல் பயணத்தில் கிடைக்காது. அகூட்டி நிச்சயம். படையெறும்பு அதிர்ஷ்டம். பேன்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கடுகை விடச் சிறிய உண்ணிக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே இலை நுனியில் காத்திருக்கும். ஏறிவிட்டால் நகத்தால் நோண்டாமல், பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் மாணவர்கள் எல்லோர் பையிலும் ஒரு சுருள் இருக்கும். எனக்கும் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்கள், அதுவும் போதவில்லை.